முன்கட்டுக்குச் சுண்ணாம்பு, பின்கட்டுக்கு எமல்ஷன்

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் முதல் கொப்புளம் வந்தது 2014 ஐப்பசியில். அந்த வருஷம் வைகாசியில்தான் தங்கைக்குக் கல்யாணம். அதற்காக வீடு முழுக்கப் பெயின்ட் அடித்திருந்தோம். ஆறு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு, எண்ணெயில் போட்ட அப்பளம் போலச் சுவர் புடைத்திருந்தது. அம்மா விரலால் அழுத்தினாள். ஒரு சில்லு முறிந்து தரையில் விழுந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் வழவழவென்று சந்தன நிறம். பின்பக்கம் மாவு அப்பிய மாதிரி வெள்ளை. தாத்தா காலத்திலிருந்து வருஷா வருஷம் அடித்த சுண்ணாம்பையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது பெயின்ட்.

தலைதீபாவளிக்கு வந்த தங்கை சுவரைப் பார்த்துவிட்டு, "என்னண்ணா, என் கல்யாணத்துல பெயின்ட்லதான் மிச்சம் பிடிச்சியா?" என்று கேட்டாள். அதுதான் எரிச்சல். கடையில் இருந்ததிலேயே விலை உயர்ந்த டப்பாவைத்தான் வாங்கியிருந்தேன். கார்த்திகை மழை முடிவதற்குள் தெற்குச் சுவர் இடுப்பு உயரத்துக்கு வாழைப்பட்டை மாதிரி உரிந்து தொங்கியது.

கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். பெரிய கடைதான், பெயர் வேண்டாம். கவுன்டரில் இருந்தவர் என்னிடம் கேட்டதெல்லாம் பட்ஜெட் என்ன, கலர் என்ன என்ற இரண்டு கேள்விதான். சுவர் எந்தச் சுவர் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. சுவர் என்றால் சுவர்தானே என்று நினைத்திருந்த காலம் அது.

எங்கள் வீடு மயிலாடுதுறைப் பக்கம். இரண்டு கட்டு. முன்கட்டைத் தாத்தா கட்டினார். செங்கல், சுண்ணாம்புக் காரை, ஒன்றரை அடி கனத்துக்குச் சுவர். பின்கட்டை அப்பா 1991-இல் சிமென்ட் வைத்துக் கட்டினார். ஒரே வாசல், ஒரே மின்சார மீட்டர், ஆனால் இரண்டு வேறு வேறு வீடுகள். பின்கட்டில் அதே கடையில் வாங்கிய அதே பெயின்ட் பத்து வருஷம் ஆகியும் அப்படியே நின்றது. முன்கட்டில் ஆறு மாதம் தாங்கவில்லை. 'எது நல்ல பெயின்ட்' என்று யாராவது கேட்டால் எனக்கு உடனே இந்த இரண்டு கட்டும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

போன தை மாதம் மறுபடி அடித்தோம். இந்த முறை கடைக்குப் போகவில்லை, முதலில் ஆளைத் தேடினேன். அறுபது தாண்டிய ஒரு பெயின்டர் அண்ணன் கிடைத்தார். அவருடைய அப்பா எங்கள் தெருவிலேயே வெள்ளையடித்தவராம். வந்தவர் டீ குடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம் எழுந்து கூடத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்து ஒரு இழு இழுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். கை வெள்ளையாக இருந்தது. பின்கட்டுக்குப் போய் அதேபோல் இழுத்தார். கையில் ஒன்றும் இல்லை. "இதுக்கு ஒரு மருந்து, அதுக்கு ஒரு மருந்து தம்பி. ரெண்டுக்கும் ஒரே மாத்திரை குடுத்திருக்கீங்க" என்றார்.

அவர் செய்து காட்டிய சோதனைகள் எல்லாமே வீட்டில் இருக்கிற பொருளை வைத்துச் செய்யக்கூடியவை. விரலை நனைத்துச் சுவரில் ஒரு சொட்டு வைத்தால், சுண்ணாம்பும், பொடி மிகுந்த மலிவுப் பூச்சான டிஸ்டெம்பரில் மட்டமான ரகமும் உடனே உறிஞ்சிக் கறுக்கும். நீர் கலந்து அடிக்கிற எமல்ஷனிலும், எண்ணெய்ப் பெயின்டான எனாமலிலும் சொட்டு நின்று வழியும். எமல்ஷனா எனாமலா என்று தெரியவில்லையா? கொரோனா காலத்தில் வாங்கிய சானிடைசர் பாட்டில் எல்லார் வீட்டிலும் ஒன்று கிடக்கும். பஞ்சில் நனைத்து அரை நிமிஷம் தேய்த்தால் எமல்ஷன் இளகிப் பஞ்சில் நிறம் ஏறும், எண்ணெய்ப் பெயின்ட் அசையாது. மேலே இருக்கிற பூச்சு சுவரை உறுதியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க, பிளேடால் பெருக்கல் குறி போலக் கீறி, பார்சல் ஒட்டுகிற டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுக்க வேண்டும். கூடத்தில் டேப்போடு ஒரு தோசையே வந்தது.

அதில்தான் எனக்கு 2014 புரிந்தது. பெயின்டுக்கு அதன் அடியில் இருப்பதைப் பிடித்துக்கொள்ள மட்டும்தான் தெரியும். அடியில் இருப்பது பொடி என்றால் பொடியைப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு நல்ல பெயின்டோ அவ்வளவு உறுதியாகப் பொடியைப் பிடித்துக்கொண்டு, காயும்போது இறுகி, அந்தப் பொடியோடு கழன்று வரும். விலை உயர்ந்த பெயின்ட் அடித்ததால்தான் அவ்வளவு பெரிய பெரிய பட்டையாக உரிந்தது!

சரி, டப்பாவுக்குள் என்னதான் இருக்கிறது?

நிறம் கொடுக்கும் பொடி, இடத்தை நிரப்பும் பொடி, இரண்டையும் சேர்த்துச் சுவரில் ஒட்டும் பிசின், எல்லாவற்றையும் கரைத்து வைக்கும் நீர் அல்லது டர்பன்டைன். இந்த நான்கும்தான், மற்றதெல்லாம் சில்லறை. நிரப்பும் பொடி சாக்குக்கட்டி, சீனாக் களிமண், டால்க் மாதிரியான மலிவுச் சரக்கு. ஹோட்டல் தேங்காய்ச் சட்னியில் பொட்டுக்கடலை என்ன வேலை பார்க்கிறதோ அதே வேலைதான் இதற்கும். அளவாகப் போட்டால் கெட்டியாக நிற்கும், அளவு மீறினால் தேங்காய் எங்கே என்று தேட வேண்டும். பெயின்டில் தேங்காய் என்பது பிசின். பொடியின் ஒவ்வொரு துகளையும் சுற்றிக்கொள்ளப் போதுமான பிசின் இருந்தால் சுவரைத் துடைக்கலாம், தேய்க்கலாம். போதாவிட்டால் சாய்ந்து உட்கார்ந்தவர் முதுகில் பெயின்ட் வரும். சுண்ணாம்பை விட்டுவிட்டால், டிஸ்டெம்பரிலிருந்து விலை உயர்ந்த எமல்ஷன் வரை இருக்கிற வித்தியாசத்தில் முக்கால்வாசி இந்தப் பிசின் கணக்குத்தான். பளபளப்பும் அப்படித்தான். பிசின் கூடக்கூடப் பூச்சின் மேற்பரப்பு வழவழப்பாகி ஒளியைத் திருப்பி அனுப்பும். பொடி கூடினால் மேற்பரப்பு சொரசொரப்பாகி மங்கும்.

வெள்ளை நிறத்துக்குக் காரணம் டைட்டானியம் டை ஆக்சைடு. பெயர்தான் வேதியியல் வகுப்பு மாதிரி இருக்கிறதே தவிர, சரக்கு நம் பக்கத்துக் கடற்கரைதான். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துச் சவராவிலும் கடல் ஒதுக்குகிற கறுப்பு மணலில் இல்மனைட் என்ற தாது இருக்கிறது. அதிலிருந்துதான் இந்த வெள்ளைப் பொடியைப் பிரிக்கிறார்கள். திருவனந்தபுரத்தை ஒட்டிக் கொச்சுவேளியில் 1946-இல் தொடங்கிய டிராவன்கூர் டைட்டானியம் கம்பெனி இன்றும் இருக்கிறது. காலைச் சுடுகிற கறுப்பு மணலிலிருந்து இவ்வளவு வெள்ளையான பொடி வருகிறது என்பதை நான் பெயின்டரிடம் சொன்னேன். அவர், "அதான் விலை ஏறுது" என்று முடித்துவிட்டார்.

இந்தப் பொடிதான் அடியில் இருப்பதை மறைக்கிறது. அதனால்தான் வெளிர் நிறங்கள் இரண்டு கோட்டில் மூடிவிடுகின்றன. ஆழ்ந்த சிவப்பு, அடர்ந்த மஞ்சள் கேட்டால் கடைக்காரர் நிறம் கலக்க வேறு பேஸ், அதாவது வேறு அடிப் பெயின்ட், எடுப்பார். அதில் வெள்ளைப் பொடி குறைவாக இருக்கும், இல்லாவிட்டால் சிவப்பு ரோஸ் ஆகிவிடும். எனவே அந்த நிறங்களுக்கு மூன்று கோட், சில சமயம் நான்கு. ஒரே ஒரு சுவருக்கு மட்டும் சிவப்பு அடிக்கிற மோகம் உள்ளவர்கள் இந்தச் செலவையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வகை வகையாகச் சொல்கிறேன். டிஸ்டெம்பரில் தொடங்கலாம், ஏனென்றால் அதற்கு இப்போது மரியாதை இல்லை.

ஒரு காலத்தில் டிஸ்டெம்பர் அடித்த வீடு என்றால் வசதியான வீடு. சுண்ணாம்பில் நீலப் பொடி கலந்து அடித்தவர்கள் அதைப் பார்த்து ஏங்கினார்கள். ஏஷியன் பெயின்ட்ஸ் கொண்டுவந்த டிராக்டர் டிஸ்டெம்பர் நடுத்தரக் குடும்பங்களுக்குள் நுழைந்தது. நெற்றியில் முடி விழ, கையில் பிரஷ்ஷோடு நிற்கும் 'கட்டு' (Gattu) என்ற சின்னப் பையனை 1954-இல் அந்தக் கம்பெனிக்கு வரைந்து கொடுத்தவர் கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே.லக்ஷ்மண். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஒரு கடையின் தகரப் பலகையில் அந்தப் பையன் நான் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தான்.

டிஸ்டெம்பரில் பொடி அதிகம், பிசின் குறைவு. கிலோ கணக்கில் விற்பார்கள். ஈரத்துணியால் மெதுவாக ஒற்றித் துடைக்கலாம், அழுத்தித் தேய்த்தால் கறையோடு சுவரும் வரும். கையில் பணம் குறைவு, இரண்டு மூன்று வருஷத்தில் மறுபடி அடிக்கத்தான் போகிறோம், வாடகைக்கு ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள் என்றால் டிஸ்டெம்பரை யாரும் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டுச் சாமான் அறைக்கு இந்த முறையும் அதுதான். ஆனால் ஒன்று: பின்னால் என்றைக்காவது எமல்ஷனுக்கு மாறுவதாக இருந்தால் பழைய டிஸ்டெம்பரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மாற வேண்டும். மேலேயே அடித்தால் என் தங்கை கல்யாணக் கதைதான்.

எமல்ஷன் என்பது நீரில் மிதக்கும் பிளாஸ்டிக் துளிகள். நீர் ஆவியானதும் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரு தோல் ஆகின்றன. அந்தத் தோல்தான் காசு. சிமென்ட் பூச்சுச் சுவருக்கு, அதுவும் நன்றாகக் காய்ந்த சுவருக்கு, இதைவிடப் பொருத்தமானது இன்றைக்கு இல்லை என்றுதான் சொல்வேன். காய்ந்த சுவருக்கு என்று அழுத்திச் சொல்கிறேன். புது வீடு கட்டுகிறவர்கள் கிரகப்பிரவேசத் தேதியைக் குறித்துவிட்டு, பூச்சுவேலை முடிந்த பத்தாம் நாளே பெயின்டரை வரச் சொல்கிறார்கள். சிமென்ட் பூச்சு நீர் ஊற்றிக் கெட்டிப்பட்டு, அப்புறம் உள் ஈரம் வெளியேற மாதக்கணக்கு ஆகும். ஈரம் காயாத பூச்சில் காரத்தன்மையும் மிக அதிகம், அது பெயின்டின் பிசினையும் நிறத்தையும் தின்னும். நாள் அவ்வளவு நெருக்கடி என்றால் பிரைமர் என்கிற அடிப்பூச்சு மட்டும் அடித்துக் கிரகப்பிரவேசத்தை முடித்துக்கொண்டு, அடுத்த கோடையில் மிச்சத்தை அடியுங்கள். வெள்ளைச் சுவரில் மாவிலைத் தோரணம் நன்றாகவே எடுக்கும்.

எமல்ஷனுக்குள் மேட் (மங்கல்), சாட்டின் (மிதமான பளபளப்பு), ஷைன் (நல்ல பளபளப்பு) என்று வகைகள் உண்டு. கடையில் எல்லோரும் கை வைத்துப் பார்த்துவிட்டுப் பளபளப்பைக் கேட்கிறார்கள். நானும் கேட்டவன்தான். பெயின்டர் அண்ணன் சிரித்தார். அன்று ராத்திரி ஏழு மணிக்கு விளக்கையெல்லாம் அணைக்கச் சொன்னார். நீள வயரில் மாட்டிய ஒரு பல்பை எடுத்து, சுவரை ஒட்டி, பக்கவாட்டில் பிடித்தார். பகலில் கண்ணாடி மாதிரித் தெரிந்த சுவரில் மேடும் பள்ளமும், பிளேடு போன தடமும், கொத்தனார் கரண்டி அழுந்திய இடமும், வறண்ட வயல் மாதிரி நிழல் விழுந்து தெரிந்தன. "பளபளன்னு அடிச்சா உங்க டியூப்லைட்டு தினமும் இதைத்தான் காட்டும்" என்றார். மேட் பூச்சு ஒளியைச் சிதறடித்து இந்தக் குறைகளை மறைத்துவிடும். பளபளப்புக்குப் பிசின் அதிகம், அதனால் துடைக்க வசதி. ஆனால் பெயின்டுக்கு முன் சுவரைச் சமப்படுத்துகிற பட்டி வேலை அப்பழுக்கில்லாமல் இருந்தாக வேண்டும்.

ஆகவே பின்கட்டு ஹாலுக்கும் படுக்கை அறைக்கும் மேட் எடுத்தோம். கூரைக்கு மங்கலான வெள்ளை, இருப்பதிலேயே சாதாரண ரகம். கூரையை யார் தொடப்போகிறார்கள்? பூஜை அறைக்கும், சமையலறையில் டைல்ஸுக்கு மேலே இருக்கிற பகுதிக்கும் சாட்டின். பூஜை அறையை ஒரு வருஷம் கவனித்துப் பாருங்கள், விளக்குப் புகையும் கற்பூரக் கரியும் சுவரில் மாடத்துக்கு மேலே ஒரு கறுப்புத் தீபம் வரைந்திருக்கும். டிஸ்டெம்பரில் அதைத் துடைத்தால் கறுப்பு மேகமாகப் பரவும். சாட்டினில் சோப்பு நீர் தொட்ட துணி போதும்.

பட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. கடைகளில் இரண்டு ரகம்: வெள்ளைச் சிமென்ட் கலந்த பொடி, குழைத்தே வரும் அக்ரிலிக். சிமென்ட் ரகம் காய்ந்தால் கெட்டி, ஈரத்தையும் ஓரளவு தாங்கும். தேய்ப்பதற்குத்தான் கை வலிக்கும். அக்ரிலிக் ரகம் உப்புத்தாள் பட்டதும் வெண்ணெயாகத் தேயும். எங்கள் பின்கட்டுக்குச் சிமென்ட் ரகம்தான். பட்டி தேய்க்கிற இரண்டு நாளும் வீட்டில் இருக்காதீர்கள். சாம்பார் வரைக்கும் வெள்ளைத் தூசி.

அடுத்து எனாமல், நம் பாஷையில் ஆயில் பெயின்ட். முன்பெல்லாம் சமையலறையிலும் தாழ்வாரத்திலும் சுவரின் கீழ்ப்பாதிக்கு அடிப்பார்கள். பச்சை, கருநீலம், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி வெளிர் நீலம். கழுவிவிடலாம், குழந்தைகள் கிறுக்கினாலும் கவலையில்லை. இரும்புக்கும் மரத்துக்கும் அது இன்றும் சரியான சரக்கு. சுவருக்கு வேண்டாம் என்பது என் கட்சி. காற்றே புகாத இறுக்கமான தோல், வாடை இரண்டு வாரம் போகாது, அப்புறம் மஞ்சளாகும்.

அந்த மஞ்சளில் ஒரு வேடிக்கை பார்த்தேன். பின்கட்டு நடையில் அப்பா அடித்த வெள்ளை எனாமல் சுவரில் ஒரு மாதக் காலண்டர் வருஷக்கணக்காகத் தொங்கியது. வேலைக்காகக் கழற்றினேன். வெளியே இருந்த சுவர் பழுத்திருக்கும், காலண்டருக்குப் பின்னால் புத்தம் புதிதாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? தலைகீழ். காலண்டர் மறைத்திருந்த செவ்வகம்தான் நெய் நிறத்துக்கு மஞ்சளாக இருந்தது, வெளிச்சம் பட்ட இடம் அதைவிட வெளுப்பு. எண்ணெய்ப் பிசின் இருட்டில்தான் அதிகம் மஞ்சளிக்குமாம். பீரோவுக்குப் பின்னால் பார்த்தேன், அங்கேயும் அதே கதை. அதனால் வெளிச்சம் வராத அறையில் வெள்ளை எனாமல் அடிப்பது காசு கொடுத்து மஞ்சள் வாங்குவதுதான்.

இன்னொன்று வேடிக்கையில்லாதது. பழைய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், முக்கியமாக மஞ்சள், சிவப்பு, பச்சையில். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-இல் விதி கொண்டுவந்தது, அது 2017 நவம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த கதவு, ஜன்னலை உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூசி குழந்தைகளின் மூச்சிலும் வாயிலும் போகும். குழந்தை மூளைக்கு ஈயம் விஷம். எங்கள் 1991-ஆம் வருஷத்துப் பச்சை ஜன்னல்களைத் தேய்க்கும்போது தங்கை பையனை அவன் அப்பாவழிப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். நீர் தொட்டு நீர் தொட்டுத்தான் தேய்த்தார்கள், விழுந்ததை ஈரத்துணியால் வழித்துப் பையில் கட்டினோம். பெயின்டர் அண்ணன் இதற்குத் தோளைக் குலுக்கினார். நாற்பது வருஷம் இந்தத் தூசியைத்தான் தின்கிறேன் என்றார். அதைக் கேட்டபிறகு அவருக்கும் உடன் வந்த பையனுக்கும் மாஸ்க் வாங்கிக் கொடுத்தேன். பையன் போட்டான். அவர் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

இப்போது ஓதம், அதாவது தரையிலிருந்து சுவரில் ஏறுகிற ஈரம். கூடத்துச் சுவர் உரிந்ததற்குப் பொடி ஒரு காரணம் என்றால் ஓதம் இன்னொன்று. காவிரிப் பாசனப் பக்கம், மழைக்காலத்தில் நிலத்தடி நீர் கிணற்றில் கைக்கு எட்டும். தாத்தா கட்டிய சுவருக்கும் அஸ்திவாரத்துக்கும் நடுவே ஈரத்தை நிறுத்துகிற தடுப்பு எதுவும் இல்லை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் செங்கல்லில் நீர் ஏறும். ஏறும்போது மண்ணிலும் செங்கல்லிலும் இருக்கிற உப்பைக் கரைத்துக்கொண்டு வரும். சுண்ணாம்புச் சுவரில் அந்த ஈரம் மூச்சு விடுவது மாதிரி வெளியேறிவிடும், கொஞ்சம் உப்பு பூக்கும், துடைப்பத்தால் தட்டிவிட்டு அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடித்தால் தீர்ந்தது. நான் அதன் மேல் பிளாஸ்டிக் தோலைப் போர்த்தினேன். ஈரம் வெளியே வர வழியில்லை. உப்பு தோலுக்குப் பின்னால் படிகமாகி அதைத் தள்ளியது. சித்திரை வெயிலில் காய்ந்த சுவரில் அடித்ததால் ஒன்றும் தெரியவில்லை, ஐப்பசி வந்ததும் தெரிந்தது.

முதல் கொப்புளம் ஏன் ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே? அதற்கும் விடை சுரண்டும்போது கிடைத்தது. வயரிங் செய்தவர் சுவரை வெட்டிக் குழாய் பதித்துவிட்டுச் சிமென்ட் வைத்து மூடியிருந்தார். சுண்ணாம்புச் சுவருக்குள் ஒரு சிமென்ட் துண்டு. ஈரம் அதற்குள் நுழைய முடியாமல் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. பழைய சுவரை ரிப்பேர் செய்கிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு இது.

ஈரம் அடிக்கிற சுவருக்கென்று கடையில் தனியாகச் சில டப்பாக்கள் காட்டுவார்கள். வாங்குவதற்கு முன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை இருக்கிறதா, மொட்டை மாடி வடிகால் அடைத்திருக்கிறதா, குழாய் கசிகிறதா? ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு ராத்திரி விட்டால் போதும். காலையில் தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது, கூப்பிட வேண்டியது பிளம்பரை.

அளவு விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் நான்கு சுவரும் 440 சதுரடி. கதவுக்கும் இரண்டு ஜன்னலுக்கும் ஐம்பது கழித்தால் 390. உயர்ந்த ரக எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்குச் சுமார் 130 சதுரடி போகும், ஆக மூன்று லிட்டர். மலிவு ரகம் இதைவிடக் குறைவாகத்தான் போகும், அதனால் லிட்டர் விலையை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். நிறம் கலக்கும் பேஸ் டப்பாவில் நிறச்சாறுக்கு இடம் விட்டுக் கொஞ்சம் குறைத்தே நிரப்பியிருப்பார்கள், ஏமாற்றுவதாக நினைத்து நான் ஒருமுறை சண்டைக்குப் போயிருக்கிறேன். ஒரு அறைக்கு வேண்டியதை ஒரே தடவையாகக் கலக்கி வாங்கிவிடுங்கள். நிறத்தை ஷேட் கார்டில் முடிவு செய்யாமல், சுவரில் இரண்டடிச் சதுரம் அடித்துப் பகலிலும் ராத்திரி விளக்கிலும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். எங்கள் வெளிர்ப் பச்சை எல்இடி வெளிச்சத்தில் சோம்பு நிறத்துக்குப் போனது. நல்லவேளை, இரண்டடியோடு தப்பித்தோம்.

கடைசியில் கூடம். நான்கு நாள் சுரண்டினார்கள். எமல்ஷன் போனது, அதன் அடியில் வெள்ளை, அதன் அடியில் இளநீலம், அதற்கும் அடியில் மங்கிய ரோஸ். ரோஸ் யார் கல்யாணத்துக்கு என்று அம்மாவைக் கேட்டேன். "எனக்கு" என்றாள்.

சிமென்ட் துண்டைப் பெயர்த்து, பழுதுபட்ட இடத்தில் சுண்ணாம்பும் மணலும் குழைத்துப் பூசிக் காயவிட்டார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பை டிரம்மில் நீற்றினார் பெயின்டர் அண்ணன். கொதித்து ஆவி வந்தது, பையனைப் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார். கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். பல நாள் ஊறவிட்டு, பழைய வேட்டியில் வடிகட்டி, பாலைவிடக் கொஞ்சம் நீர்க்கக் கரைத்து, துளி நீலம் கலந்தார். கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டார். சுவரை நனைத்துவிட்டு அடித்த முதல் கோட்டைப் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒன்றுமே இல்லை, நீர் ஓடிய மாதிரி சாம்பலாக இருந்தது. "ராத்திரி தூங்குங்க" என்றார். காலையில் சுவர் வெளுத்திருந்தது. காயக் காய, காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்து இழுத்து வெள்ளையாகிறது சுண்ணாம்பு. சூளையில் சுடுவதற்கு முன் கிளிஞ்சலாக இருந்தது எதுவோ, சுவரில் காய்ந்ததும் மறுபடி அதே பொருள்தான். மூன்று கோட் அடித்தார்.

ஐப்பசி அடைமழையில் கூடத்துச் சுவர் முழங்கால் உயரத்துக்குக் கறுத்தது, மார்கழியில் தானாகவே வெளுத்தது. கொப்புளம் இல்லை. பொங்கலுக்கு வந்த சித்தப்பா, "என்னடா, பெயின்ட் அடிக்கக் காசில்லையா, சுண்ணாம்பு அடிச்சு வெச்சிருக்கே?" என்று கேட்டுக்கொண்டே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காபி குடித்தார். புதுப் பட்டுச் சட்டை. அவர் எழுந்து வாசலுக்குப் போகும்போது அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். முதுகு முழுக்க வெள்ளை. சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் அவர் கோயிலுக்குக் கிளம்பிப் போய்விட்டார்.